கல்லூரிச் சுவரும் பாப்பாவின் சட்டையும்

என் மாமாவுக்கு,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. போன இடத்தில் உங்களுக்குக் காய்ச்சல் இல்லை, கண் மஞ்சளாக இல்லை என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன். இங்கே நான் நன்றாக இல்லை. உங்களிடம் போய்ப் பொய் சொல்லி ஆரம்பிப்பானேன்?

பாப்பா தூளியில் தூங்குகிறாள். ஐந்து மாதம் முடியப்போகிறது. நெற்றி உங்களுடையது, மூக்கு என்னுடையது, பிடிவாதம் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் பார்க்காத முகம் என்பதால் சொல்கிறேன். அவள் எழுந்து அழுவதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். இன்று செவ்வாய். வியாழக்கிழமை காலை விசாரணை.

என்ன விசாரணை என்று கேட்பீர்கள். நீங்கள் போன பிறகு நடந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?

பட்டணத்துப் பழைய கல்லூரிக்குப் புதிதாகச் சேர்க்கிற கட்டடம் என்று மாதக்கணக்கில் குனிந்து வரைந்தீர்களே, கீழே வகுப்பறைகளும் மேலே நூலகமுமாக, அதற்கு மாசி மாதம் மேல்தளம் போட்டார்கள். புது உத்திரத்தின் ஒரு முனையைக் கொண்டுபோய்ப் பழைய கட்டடத்தின் மேற்குச் சுவர்மேல் வைத்திருக்கிறார்கள். ஆமாம் மாமா, அந்தச் சுவர்தான். நாலு நாள் தாங்கியது. ஐந்தாம் நாள் வயிறு தள்ளிச் சரிந்துவிட்டது. கீழே கலவைச் சட்டி தூக்கிக்கொண்டிருந்த அஞ்சலை என்கிற சித்தாளுக்கு இடது கால் முழங்காலோடு போயிற்று. அவளுக்கு என் வயதுதான் இருக்கும்.

உங்கள் ஆபீஸ் கொடுத்த பதில் ரொம்பச் சுலபமானது. படத்தில் அது கெட்டியான சுவர் என்றுதான் இருக்கிறது, அளந்ததும் வரைந்ததும் ஒரே ஆள், அந்த ஆள் இப்போது உயிரோடு இல்லை. பெரிய சார் இன்னொன்றும் சொன்னாராம். "அந்தப் பக்கத்துலேர்ந்து வந்த பையன். நம்பிப் பெரிய வேலையைக் கொடுத்தது என் தப்பு." எந்தப் பக்கம் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லையாம். பெரியபாளையத்துப் பக்கம் வயலில் அண்டை வெட்டிய ஒரு கூலிக்காரரின் மகன் கையில் பேனா பிடித்த எரிச்சல், இத்தனை வருஷம் அவர் வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது.

கல்லூரியிலிருந்து எனக்கும் ஒரு கடிதம் வந்தது. இறந்தவர் வைத்திருந்த படமோ குறிப்போ வீட்டில் இருந்தால் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று நாலு வரி.

அதைப் படித்ததும், நீங்கள் வரைந்த படமே உங்களுக்காகப் பேசும் என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். உங்கள் டி ஸ்கொயர் இருந்தது, காம்பஸ் பெட்டி இருந்தது, பிளேடால் சுரண்டிச் சுரண்டி நுனி தேய்ந்த பென்சில்கள் இருந்தன. அடியில் செய்தித்தாள் சுற்றி நீங்கள் வைத்த பட ரோல் மட்டும் இல்லை. இருக்காது என்று என் கைக்கு முன்பே தெரிந்திருந்தது போல, வெறும் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்றால் அதைத் துவைத்தவள் நான்தான்.

வேறு யாராவது கேட்டால் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். டிராஃப்ட்ஸ்மேன் வீடுகளில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். கெட்டுப்போன படமும் வேண்டாமென்று தள்ளிய படமும் வீட்டுக்குத்தான் வரும். படம் வரைகிற அந்தக் கஞ்சி போட்ட டிரேசிங் துணியை வெந்நீரில் ஊறப்போட்டுக் கசக்கினால் கஞ்சி மொத்தமும் கழன்று, அதோடு கறுப்பு மையும் போய், உள்ளேயிருந்து பூப்போல ஒரு வெள்ளைத் துணி வெளியே வரும். கடையில் அப்படி ஒரு துணி நமக்குக் கட்டுப்படியாகாது. கல்யாணமான முதல் மாதமே நீங்கள்தான் வாளியில் கைவிட்டுச் சொல்லிக்கொடுத்தீர்கள். உங்கள் ஆபீஸில் எல்லோர் வீட்டுக் குழந்தையும் முதல் சட்டை போட்டது யாரோ ஒருவரின் மாடிப்படியிலோ கூரையிலோதான் என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

நீங்கள் போனது ஐப்பசியில். கார்த்திகையில், நிறை வயிற்றோடு, பிறக்கப்போகிற பிள்ளைக்கு அப்பா கொடுத்தது என்று ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்றுதான் அந்த ரோலை எடுத்தேன். புரட்டாசியில் ஒரு நாள் அதைக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தீர்கள். முகம் சரியில்லை. சோறு வேண்டாமென்றீர்கள். என்னவென்று கேட்டதற்கு, "பெரிய சார் வேற ஷீட்டு போடச் சொல்லிட்டாரு" என்றீர்கள். அவ்வளவுதான். தள்ளின ஷீட்டு என்றால் துணி என்றுதானே எனக்குத் தெரியும்? இது அப்படியில்லை, தொடாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா! பதினான்கு நாள் காய்ச்சலில் கிடந்தீர்கள். தண்ணீர் கேட்டீர்கள், ஜன்னலைச் சாத்தச் சொன்னீர்கள், அம்மாவைத் தேடினீர்கள். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் கிடைக்கவில்லையா? உங்கள்மேல் எனக்கு எத்தனை கோபம் இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வேன்?

போன வெள்ளிக்கிழமை ஜெயராமன் வந்தார். உங்களுக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்தவர், நீங்கள் தம்பி என்று கூப்பிட்டவர். அவர் சொன்ன பிறகுதான் அந்த ஷீட் என்ன என்றே எனக்குத் தெரிந்தது. மேற்குச் சுவரின்மேல் பாரம் ஏற்றக்கூடாது என்று நீங்கள் அதில் குறிப்பு எழுதியிருந்தீர்களாம். உள்ளே கூப்பிட்டுப் பெரிய சார் கத்தினாராம். தனித் தூண் போட்டால் பழைய வளைவை மறைக்கும், கல்லூரிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கல்லூரி திறப்பதற்குள் வேலையும் முடியாது என்று சொன்னாராம்.

"அது இல்லாம படம் போகக்கூடாது சார்னு அண்ணன் சொன்னது என் காதுல விழுந்துது, அண்ணி" என்றார் ஜெயராமன். "அதுக்கு அவரு, இன்னாய்யா நீ, டிராயிங் போடறியா போஸ்டர் ஒட்டறியான்னு கேட்டாரு. அப்புறம் அண்ணன் வெளிய வந்து சீட்ல உக்காந்தாரு. புதுத் துணி வாங்கினு ரெண்டாவது ஷீட்டு போட ஆரம்பிச்சாரு."

குறிப்பு இல்லாத இரண்டாவது ஷீட். அதுதான் இப்போது விசாரணை மேஜைமேல் இருக்கிறது. உங்கள் கையெழுத்தோடு.

ஏன் போட்டீர்கள்? எழுந்து வந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றுகிறது. அப்புறம் என் வயிற்றைப் பார்த்திருப்பீர்கள், வாடகை வீட்டைப் பார்த்திருப்பீர்கள் என்று நானே பதிலும் சொல்லிக்கொள்கிறேன். நான்தான் அதற்குக் காரணமா? நீங்கள் இருந்தால் இல்லை என்றுதான் சொல்வீர்கள். அதனால் உங்களிடம் கேட்டும் பிரயோஜனமில்லை.

ஜெயராமன் நல்ல மனுஷன், ஆனால் விசாரணையில் வாயைத் திறந்தால் அவர் வேலை போய்விடும். சட்டைக் கதையைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு, "நான் போட்டுத் தரேன், அண்ணி. அண்ணன் எழுத்து எனக்குத் தண்ணி பட்ட பாடு. முதல் ஷீட்டு இதுதான்னு குடுத்துடுங்க. அவங்க பொய் சொல்றாங்க, நாம சொன்னா இன்னா?" என்றார். நான் சரி என்றேன். யோசிக்கக்கூட இல்லை, மாமா. குறிப்பில் என்னென்ன வார்த்தை இருந்தது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. பெரிய சார் கண்ணில் படுவதற்கு முன்பே, அஸ்திவாரம் தோண்டும்போது, முதல் ஷீட்டின் பிரிண்ட் ஒன்று சைட்டுக்குப் போயிருந்ததாம். அதைக் கையில் வைத்திருந்தவர் முனுசாமி மேஸ்திரி.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். திருநின்றவூரிலிருந்து பெரியபாளையம் பஸ். வேப்பிலையும் மஞ்சள் புடவையுமாகக் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் நசுங்கி, அங்கே இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துப் புதுவாயல். மேஸ்திரி இப்போது கும்மிடிப்பூண்டியில் புதிதாக வருகிற தொழிற்சாலைகளுக்குக் கட்டடம் போடுகிறார். அதே காண்டிராக்டரிடம்தான். வீடு புதுவாயலில், ரோட்டை ஒட்டி.

"இன்னாம்மா, கைக்கொயந்தய தூக்கினு இம்மாந் தூரம்?" என்று எழுந்து வந்தார். "நாஷ்டா துன்னியா?" என்று கேட்டார். யாருடைய மனைவி என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. உள்ளே இருந்து ஒரு குரல், "ஆரு மாமா?" என்றது. பாயில் உட்கார்ந்திருந்தாள் அஞ்சலை. அவர் அக்கா மகளாம். நான் உங்களைக் கூப்பிட்ட மாதிரியே அவள் அவரை மாமா என்று கூப்பிட்டாள். மடித்துப் போட்ட புடவைக்குக் கீழே ஒரு பாதம்தான் தெரிந்தது.

எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. அவள் கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். "குந்துக்கா" என்று பாயில் இடம்விட்டாள். பாப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, ஏதோ ஊர் விசாரிப்பது போலத்தான் கேட்டாள்.

"உங்க ஊட்டுக்காரருதான் தப்பா வரைஞ்சிட்டாராமே? அல்லாரும் சொல்லிக்கினாங்க. அவுரும் பூட்டாராமே, பாவம்."

பாவம் என்று உங்களுக்காகச் சொன்னாள், மாமா. ஒரு காலை வைத்துக்கொண்டு.

மேஸ்திரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலைதான் விடவில்லை. "சொல்லு மாமா, இன்னாவோ எய்த்து இருந்திச்சின்னு நீ அன்னிக்கி சொல்லிக்கினு இருந்தியே" என்றாள்.

"இருந்திச்சிம்மா" என்றார் கடைசியில். "தமிள்லயே எய்தியிருந்தாரு. எனுக்குப் புரியணும்னு. 'இச்சுவர் உள்ளே வெற்று. பாரம் ஏற்றாதே. தனித் தூண் வை.' அந்த எய்த்து மட்டும் மங்கலாத்தான் இருந்திச்சி, மத்த கோடுல்லாம் பளிச்சுன்னு. ரெண்டாவது பிரிண்டுல அது இல்ல. நான் கேட்டேன், இன்னா சார் எய்த்தக் காணோம்னு. நீ வேலயப் பாருய்யான்னுட்டாங்க. மொத பிரிண்ட்டயும் திருப்பி வாங்கிக்கினாங்க."

வியாழக்கிழமை வந்து இதைச் சொல்வீர்களா என்று கேட்டேன். கைகூப்பினார். "நான் சொன்னா அன்னிக்கே கணக்கு தீர்த்து அனுப்பிச்சிடுவான். இத்த யாரு வெச்சி சோறு போடறது?" என்று அஞ்சலையைக் காட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு பாப்பாவின் சட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது, "நல்ல மெத்துனு இருக்குது துணி. முதுகுல இன்னாவோ கறையா?" என்றாள். வாளியில் பட்ட செம்மண் கறை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தக் கறையின் கதை உங்களுக்குத் தெரியாது. அன்றைக்கு ரோலை ஊறப்போட்டபோது தண்ணீர் கறுத்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு ஓரமாகச் சிவந்தது. எடுத்துப் பிழிந்தால் துணியின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ரோஜா நிறத்தில் ஒரு திட்டு. அடுத்த வீட்டுப் பாக்கியம் அக்கா கார்த்திகைக் கோலத்துக்குச் செம்மண் கரைக்க என் வாளியை வாங்கிப்போயிருந்தாள். கழுவாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறாள் என்று அவளோடு சண்டை போட்டேன். இன்றுவரை பேச்சு இல்லை. சோடா உப்புப் போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், வெயிலில் போட்டேன். போகவில்லை. முதுகுப் பக்கம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று வைத்துத் தைத்துவிட்டேன். வளருவாள் என்று தாராளமாகத் தைத்ததால் இன்னமும் போடுகிறாள்.

நேற்று சாயங்காலம் ஜெயராமன் ஷீட்டை முடித்துக்கொண்டு வந்தார். பிரித்துக் காட்டினார். உங்கள் 'க', உங்கள் 'ற', ஓரத்தில் தேதிக்குக் கீழே நீங்கள் இழுக்கிற சின்னக் கோடு. எனக்கு அழுகை வந்துவிட்டது. குறிப்புக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். மேஸ்திரி சொன்ன வார்த்தைகளைச் சொன்னேன். பேனாவைக் கறுப்பு மையில் தோய்த்தார். பேச்சோடு பேச்சாக, பிரிண்ட்டில் அது மட்டும் மங்கலாக இருந்ததாம் என்றேன்.

அவர் கை நின்றது.

"மங்கலாவா? அப்ப அது கறுப்பு இல்ல, அண்ணி. சிவப்பு. சிவப்பு மை பிரிண்ட்ல சரியா விழாது, அதான் டிரேசிங்ல சிவப்பு போடவே கூடாதுன்னு சொல்வாங்க. அண்ணனுக்குத் தெரியாதா இது? ஷீட்டைக் கையில எடுக்கறவன் கண்ணுல மொதல்ல அதுதான் படணும்னு போட்டிருக்காரு. போஸ்டர்னு அவரு கத்தினது இதுக்குத்தான்." பேனாவைத் துடைத்தார். "பரவால்ல, சிவப்புல எழுதிடறேன்."

நான் கொடிக்கு ஓடினேன். சட்டையை உருவி வெளிச்சத்தில் பிடித்தேன். கறுப்பு மை கஞ்சியோடு போய்விட்டது. சிவப்பு போகாமல் கரைந்து நூலுக்குள் இறங்கிவிட்டது. ஓர் எழுத்துகூட இல்லை. ஆனால் நீங்கள் எழுதியது முழுக்க அதற்குள்தான் இருந்தது. ஆறு மாதமாக எலுமிச்சம்பழம் வைத்து நான் தேய்த்துக்கொண்டிருந்தது உங்கள் வார்த்தையை. என் பிள்ளை அதை முதுகில் போட்டுக்கொண்டுதான் புதுவாயல்வரை போய், அஞ்சலையின் மடியில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள்.

வேண்டாம் என்று ஜெயராமனிடம் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. "அந்தச் சட்டையைக் காட்டினா சிரிப்பாங்க, அண்ணி. அது எதுக்கும் ஆதாரம் ஆகாது" என்றார். ஆகாதுதான். எனக்குத் தெரியாதா? ஆனாலும் அசல் என் கையில் இருக்கும்போது போலியை எப்படி எடுத்துக்கொண்டு போவேன்? ஷீட்டைச் சுருட்டி அவரிடமே கொடுத்து அனுப்பினேன்.

இப்போது எனக்கு என்ன இருக்கிறது? படம் இல்லை. சுவரின் மிச்சத்தையும் இடித்து எடுத்துவிட்டார்களாம். மேஸ்திரி வரமாட்டார். நீங்கள் இல்லை. ஒன்றே ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டேப் பிடிக்க வேண்டிய ஆள் வரவில்லை என்று என்னைக் கூட்டிப்போனீர்கள். பாப்பா வயிற்றில் இரண்டு மாதம். காலியாகக் கிடந்த அந்த நீண்ட தாழ்வாரத்தில் நான் பூஜ்ய முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "வேதா, தளர விடாத, இறுக்கிப் புடி" என்று அந்தக் கோடியிலிருந்து சத்தம் போட்டீர்கள். மேற்குச் சுவருக்கு வந்ததும் நின்றீர்கள். விரல் முட்டியால் தட்டினீர்கள். இன்னொரு இடத்தில் தட்டினீர்கள். "இங்க வா, நீயும் தட்டு. காத வெச்சிக் கேளு." தட்டினேன். காலிப் பானையைத் தட்டிய மாதிரி இருந்தது. "ரெண்டு பக்கமும் ஒரு கல்லு. நடுவுல வெறும் செத்தை" என்றீர்கள். நின்ற இடத்திலேயே ஆபீஸ் நோட்டில் எழுதினீர்கள்; அந்த நோட்டும் இன்று அவர்கள் கையில்தான்.

வெளியே வரும்போது என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினீர்கள். வெளி ஆளை, அதுவும் வீட்டுப் பெண்பிள்ளையை உள்ளே கூட்டிவந்து அளந்தது தெரிந்தால் வேலை போய்விடும், யாரிடமும் மூச்சு விடாதே என்று. இத்தனை நாள் விடவில்லை. ஜெயராமனிடம்கூடச் சொல்லவில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். பெண்டாட்டியை வைத்து அளந்தானா, அதான் தப்பாகப் போயிருக்கிறது என்பார்கள். உங்கள் பேரைக் காப்பாற்றப் போய் நானே அதை இன்னும் கெடுத்துவிடுவேனோ? நேற்று ராத்திரியிலிருந்து இதே எண்ணம்தான். சோறு இறங்கவில்லை. பால்கூடச் சரியாகச் சுரக்கவில்லை. பாப்பா என்னைத் திட்டுகிறாள்.

ஆனால் அஞ்சலை பாவம் என்றாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் உங்களை மன்னித்துவிட்டாள், மாமா. தெரியாமல் செய்த தப்புக்காக. நீங்கள் தெரியாமல் செய்யவில்லையே. தெரிந்து எழுதினீர்கள், எடு என்றதும் எடுத்தீர்கள். இரண்டையும் அவள் தெரிந்துகொள்ள வேண்டும். அப்புறம் மன்னிப்பதும் மன்னிக்காததும் அவள் பாடு.

அதனால் உங்களிடம் செய்த சத்தியத்தை மீறப்போகிறேன். வியாழக்கிழமை பாப்பாவுக்கு அந்தச் சட்டையைப் போட்டுத் தூக்கிப் போவேன். டேப்பின் முனையைப் பிடித்தது நான், சுவரைத் தட்டியது இந்தக் கை, குறிப்பைத் துவைத்ததும் இதே கைதான் என்று சொல்வேன். இரண்டாவது ஷீட்டை நீங்கள்தான் போட்டீர்கள் என்பதையும் மறைக்க மாட்டேன். சிரித்தால் சிரிக்கட்டும். எழுதிக்கொள்ள மறுத்தால் எழுதிக்கொள்ளும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். பிடிவாதம் உங்கள் வீட்டுக்கு மட்டும் சொந்தமா?

வந்து, நேராகப் பாக்கியம் அக்கா வீட்டுக்குப் போய், செம்மண் இல்லை அக்கா, தப்பு என்மேல்தான் என்று சொல்வேன். ஒன்று உறுதியாகச் சொல்கிறேன். அந்தக் கறை போக இனி ஒருநாளும் தேய்க்க மாட்டேன்.

பாப்பா முழித்துவிட்டாள்.

முனையை இன்னும் தளர விடாமல் பிடித்திருக்கிற,
உங்கள் அக்கா மகள்,
வேதா